நோட்டின் மூன்றாவது கட்டம்

அவரிடம் கேசட் பதியக் கொடுப்பவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பாட்டுப் பட்டியலை வாங்கி மேலும் கீழும் பார்ப்பார். அறுபது நிமிஷமா, தொண்ணூறா என்று கேட்பார். பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து விரித்து, பேனா மூடியைப் பல்லால் கழற்றிக்கொண்டே கேட்பார்.

"நான் இத பதிஞ்சி தரலைன்னா, நீ கடைல போயி கம்பெனி கேசட்டு வாங்குவியா?"

வாங்குவேன் என்று சொன்னால் அவர் பதிய மாட்டார். "அப்ப போயி வாங்கு. இங்கேருந்து மூணாவது கடை" என்று கையைக் காட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். வாங்கமாட்டேன் என்று சொன்னால்தான் நோட்டில் பெயர் ஏறும். முதல் கட்டத்தில் பெயர், இரண்டாவதில் என்ன பதிவு, மூன்றாவதில் அந்தப் பதில். பக்கத்தில் கையெழுத்தும் போட வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு மைப்பெட்டி இருந்தது.

போன மாதம் என் மகன் படிக்கும் கல்லூரியில் கிட்டத்தட்ட இதே கேள்வியை என்னிடம் கேட்டார்கள். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. முப்பது வருஷமாக நினைக்காமல் தள்ளி வைத்திருந்த அந்த மனிதர் தினமும் நினைவுக்கு வருகிறார்.

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் ரோடு தொடங்கும் இடத்தில் அவருடைய ரெக்கார்டிங் கடை இருந்தது. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டும். உள்ளே கேசட் பதியும் டெக் இரண்டு, ஒரு ரெக்கார்டு பிளேயர், சுவர் முழுக்க இசைத்தட்டு அட்டைகள். மற்ற ரெக்கார்டிங் கடைகள் வாசலில் ஸ்பீக்கர் வைத்து அலறவிடும். அவர் கடையில் பாட்டே கேட்காது. தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எதிரே ஓடும் ரோட்டைப் பார்த்தபடி பதிந்துகொண்டிருப்பார். முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருப்பார். பதிந்து முடித்ததும் மேலே வேறெதுவும் பதிந்துவிடாமல் இருக்கக் கேசட்டின் பின்பக்கத்தில் இருக்கும் இரண்டு சின்னக் காதுகளை ஸ்க்ரூடிரைவரால் உடைப்பார். உடைத்த துண்டுகளைக் கீழே போட மாட்டார். தீப்பெட்டி ஒன்றில் சேர்த்து வைப்பார். எதற்கு என்று கேட்டதில்லை.

பி.எஸ்ஸி. பாதியில் விட்டவர் என்றார்கள். எலவனாசூர்கோட்டையில் பங்காளிகளோடு நிலத்தகராறு என்றார்கள். எதையும் அவர் வாயால் கேட்டதில்லை. தன்னைப் பற்றிப் பேச அவருக்கு விருப்பம் இல்லை. யாராவது நஷ்டம் என்று சொல்லிவிட்டால் மட்டும் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்வார்.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. ஆசிரியர் பயிற்சி முடித்ததும் வெள்ளிமலையில் பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளியில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை பஸ்ஸில் மலை ஏறினால் சனிக்கிழமைதான் இறங்குவேன். கள்ளக்குறிச்சியில் இன்னொரு டீச்சரோடு ஓர் அறை எடுத்திருந்தேன். இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. மறியல் நடந்த அந்த வாரம் ரோட்டோரப் புளியமரங்களை வெட்டி குறுக்கே சாய்த்திருந்தார்கள். எந்தப் பக்கமும் பஸ் இல்லை. மலைக்குப் போக முடியாமல் அறையில் அடைந்து கிடந்து சலித்துப்போய், பழுதான டேப்பைக் காட்ட அவர் கடைக்குப் போனேன். அன்றுதான் அவரை முழுசாகப் பார்த்தேன்.

லாரி வைத்திருந்த ஒருவர் கடைவாசலில் நின்று புலம்பிக்கொண்டிருந்தார். மறியலால் ஒரு நாளைக்கு இவ்வளவு நஷ்டம், ஆறு நாளைக்கு இவ்வளவு நஷ்டம் என்று விரல்விட்டுச் சொன்னார். இவர் ஹெட்போனைக் கழற்றினார்.

"மறியலுக்கு மொதநாளு வண்டி எங்க நின்னுக்கினு இருந்தது?"

"ஷெட்ல."

"இன்னாத்துக்கு?"

"பின் டயரு ரெண்டும் போச்சி. பணம் வந்தாதான் மாத்தணும்."

"அப்ப மறியல் இல்லைன்னாலும் வண்டி ஷெட்லதான் நின்னுக்கினு இருந்திருக்கும். இதுல மறியல்காரன் உன்னுது எதப்பா எடுத்தான்? வரவேண்டியது வராம போனா நஷ்டம். வராததே வரலைன்னா அது இன்னா நஷ்டம்?"

லாரிக்காரர், இவர் மறியலுக்குப் பரிந்து பேசுகிறார் என்று நினைத்துத் திட்டிவிட்டுப் போனார். அப்படிப் பரிந்து பேசுகிறவரும் இல்லை. அந்த வாரமே போராட்டத்தை ஆதரித்த ஒருவரும் எதிர்த்த ஒருவரும் வெவ்வேறு நேரத்தில் அவரிடம் வந்து, தங்கள் பிள்ளைக்கு வரவேண்டிய சீட்டை அடுத்தவன் எடுத்துக்கொண்டான் என்று ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேரிடமும் இவர், உன் பிள்ளை எத்தனை மார்க், சீட்டுக்கு எழுதிப் போட்டானா என்று கேட்டிருக்கிறார். ஒருவருடைய பையன் எழுதியே போடவில்லை. மற்றவருடைய பையன் பரீட்சைக்கே போகவில்லை. இரண்டு பேரும் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அது அதிகப்படியாகப் பட்டது. எல்லாவற்றையும் இப்படிக் கேட்டால் ஊரில் யாருக்குமே நஷ்டம் இல்லை என்று ஆகிவிடாதா என்றேன். சீட்டு என்று ஒன்று இருப்பதே தெரியாத எங்கள் பள்ளிப் பிள்ளைகளைச் சொல்லிக் காட்டினேன்.

அவர் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"உங்க மலைப் புள்ளைங்க எழுதியே போடாததும் நஷ்டந்தான் டீச்சர். அதத்தான் எவனும் எழுதறதில்ல. நஷ்டமே இல்லைன்னு நான் எங்க சொன்னேன்? எது நஷ்டம்னு கேக்கறேன், அவ்ளோதான்."

அவருடைய கேள்வி எங்கிருந்து பிறந்தது என்பது பிறகு தெரிந்தது. ஏதோ ஒரு பத்திரிகையில், கேசட் நகல் எடுப்பவர்களால் பாட்டுக் கம்பெனிகளுக்குப் பெரும் நஷ்டம் என்று செய்தி வந்திருக்கிறது. நகல் ஒவ்வொன்றும் விற்காமல் போன ஒரு கேசட் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அதை வெட்டி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். கரியாலூரிலிருந்து கடுக்காய் விற்க இறங்கும் ஒரு மலைக்காரர் மாதம் ஒரு கேசட் பதிந்துகொண்டு போவார். அவர் வீட்டில் டேப்பே கிடையாது. ஜீப்காரரிடம் கொடுத்து, மலை ஏறும் வழியெல்லாம் போடச் சொல்லிக் கேட்பார். அவர் கம்பெனி கேசட் வாங்குவாரா என்று இவர் என்னிடம் கேட்டார். வாங்க மாட்டார் என்றேன். "இங்க இன்னா எழுதியிருக்கான் பாருங்க. அவரு ஒரு கேசட்ட திருடிட்டாருன்றான்." அந்தச் செய்தி வந்த அன்றைக்கே நோட்டு வாங்கிக் கோடு போட்டாராம்.

அந்த நோட்டைப் புரட்டினால் பொழுது போவது தெரியாது. மூன்றாவது கட்டத்தில் ஆட்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருப்பார். 'வாங்கமாட்டேன்.' 'ரேடியோவில் வரும்போது கேட்டுக்கொள்வேன்.' 'மச்சினனிடம் இருக்கிறது, அதையே பிடுங்கிக்கொள்வேன்.' 'கல்யாணத்துக்கு மட்டும் வேண்டும், அப்புறம் வேண்டாம்.' ஆனால் ஊர் அவரைப் புரிந்துகொண்டுவிட்டது. வாங்குவேன் என்றால் காரியம் நடக்காது என்று தெரிந்ததும், புது மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறவர்கூட முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு எங்கே சார் வாங்குவது என்று சொல்ல ஆரம்பித்தார். அவர் வண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சிரிக்காமல் அதையும் எழுதிக்கொள்வார்.

ஒரே ஒரு கேசட்டை மட்டும் அவர் யாருக்கும் பதிந்து கொடுத்ததில்லை. டுடோரியல் நடத்திய வாத்தியார் ஒருவர் பத்தாம் வகுப்பு ஆங்கில இலக்கணத்தைத் தன் குரலிலேயே பேசிப் பதிந்து, சைக்கிளில் வைத்து விற்றார். நடுவே நாய் குரைப்பதும் கேட்கும். இவர் கடையிலும் விற்கச் சொல்லிப் பத்து வைத்திருந்தார். இவருடைய சொந்த மச்சான், தன் மகளுக்காக அதில் ஒன்றைப் பதிந்து கேட்டார். மாட்டேன் என்றார். மூட்டை மூட்டையாகச் சினிமாப் பாட்டு பதிகிறவனுக்கு இதில் என்ன யோக்கியம் என்று மச்சான் கத்தினார். இவர் குரல் உயரவில்லை.

"அது பதியலைன்னா நீ வாங்கமாட்ட. இது பதியலைன்னா வாங்குவ. பொண்ணுக்கு அடுத்த மாசம் பரீட்ச. அந்த மனுஷன் இத வித்துதான் வூட்ல ஒல வைக்கிறாரு."

மச்சான் கடைசியில் வாங்கிக்கொண்டுதான் போனார். ஆனால் அந்தத் தீபாவளிக்கு இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு இல்லை.

நானும் அந்த நோட்டில் இருக்கிறேன். மெட்ராஸ் கான்வென்ட்டில் வேலை பார்த்த என் தோழியிடம் சின்னப் பிள்ளைகளுக்கான ஆங்கில உச்சரிப்புக் கேசட்டுகள் நான்கு இருந்தன. இரவல் வாங்கி வந்தேன். பள்ளியில் வாங்கித்தரச் சொன்னதற்கு, பருப்புக்கே பணம் வரவில்லை என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். கடைக்குக் கொண்டுபோனபோது அவர் வழக்கம்போல் நோட்டை விரித்துக் கேட்டார். வாங்கமாட்டேன், என்னிடம் ஏது அவ்வளவு பணம் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அதையே எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். எங்கள் பிள்ளைகள் அந்தக் கேசட்டில் வரும் பெண்குரலைக் கேட்ட முதல் நாள், எல்லாரும் எழுந்து நின்று டேப்பைப் பார்த்து வணக்கம் சொன்னார்கள்.

ஆறேழு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை நான் மலையிலிருந்து இறங்கியபோது கடைமுன்னால் கூட்டம். மெட்ராஸிலிருந்து கம்பெனி ஏஜென்ட் போலீஸோடு வந்திருந்தார். கேசட்டுகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் எண்ணி, அத்தனையும் கம்பெனிக்கு விற்காமல் போனவை என்று எழுதினார்கள். பதியாத வெறும் கேசட்டுகளும் அதில் இருக்கின்றன என்று இவர் சொன்னார். அதுவும் பதியத்தானே வைத்திருக்கிறாய் என்றார் ஏஜென்ட். இவர் நோட்டை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தே போனார்.

இன்ஸ்பெக்டர் மாதக்கணக்கில் மறியல் பந்தோபஸ்தில் நின்று களைத்திருந்தவர். கடைக்காரர் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். தொழில் செய்தது குற்றம் என்றால் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் நஷ்டம் என்று போட்டிருக்கும் தொகை பொய், என்னிடம் பதிந்தவர்களையே கூப்பிட்டுக் கேளுங்கள் என்று இவர் சொன்னாராம். தொகையைப் பொறுத்துத்தான் வழக்கு சின்னதா பெரிதா என்பது இருந்தது. இரண்டு டெக்கும் கடன் வாங்கிப் போட்டவை; வழக்கு பெரிதானால் அவையும் போய்விடும். இன்ஸ்பெக்டர் சரி என்றார். அடுத்த நாள் காலை கைக்கு அகப்பட்ட ஏழெட்டுப் பேரை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். அதில் நானும் ஒருத்தி.

முதலில் கரியாலூர்க்காரரைக் கேட்டார்கள். இவர் பதிந்து தரவில்லை என்றால் கடையில் வாங்கியிருப்பீர்களா? ஏஜென்ட் தேய்த்த சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாசலில் ஊர் நின்றுகொண்டிருந்தது. மலைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வாங்கியிருப்பேனுங்க. நாங்க இன்னா அத்துப்போனவங்களா?"

அடுத்து மோட்டார் சைக்கிள்காரர். அடுத்து ஒரு தையல்காரர். எல்லாரும் வாங்கியிருப்பேன் என்றார்கள். ஒருவர், குடும்பத்தோடு வாங்கியிருப்பேன் என்றார். இவர் தலையைக் குனிந்து நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு பதிலும் ஒரு விற்பனையாக மாறி ஏஜென்ட்டின் தாளில் ஏறிக்கொண்டிருந்தது.

பிறகு இன்ஸ்பெக்டர் என்னிடம் கேட்டார். "நீங்க சொல்லுங்க டீச்சர்."

எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. சர்க்கார் டீச்சர் ஒருத்தி, அத்தனை பேர் நடுவில், நான்கு கேசட் வாங்க வக்கில்லாமல் நகல் எடுத்தேன் என்று எப்படிச் சொல்வது? அப்படி நான் யோசித்துச் சொல்லவில்லை. யோசிக்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது. "வாங்கியிருப்பேன் சார்."

நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நோட்டு அவர் மடியில் விரிந்து இருந்தது. என் பெயர் இருந்த பக்கம்தானா என்று தெரியாது. அதைத் திருப்பிக் காட்டியிருக்கலாம்; என் கையெழுத்தோடு என் பதில் அதில் இருந்தது. டீச்சர் பொய் சொல்கிறார் என்று ஆகியிருக்கும். அவர் நோட்டை மூடி அக்குளில் வைத்துக்கொண்டார்.

"போதும் சார். அவங்க எழுதின தொகையே எழுதிக்குங்க."

கடை போனது. டெக் இரண்டும் போயின. அந்த இடத்தில் உரக்கடை வந்தது.

அவரைக் கடைசியாகப் பார்த்தது சில மாதம் கழித்து, கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில். நான் வெள்ளிமலை பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். கையில் மரவள்ளி வியாபாரியின் பில் புத்தகம் வைத்திருந்தார். முழுக்கைச் சட்டை மணிக்கட்டு வரை அப்படியே இருந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள், புள்ளைங்க கேசட் ஓடுதா டீச்சர் என்று விசாரித்தார். ஒன்று சிக்கிக்கொண்டது, பையில்தான் இருக்கிறது என்றேன். வாங்கி, என் பேனாவை நுழைத்துச் சுற்றி, வெளியே வந்திருந்த நாடாவை உள்ளே இழுத்துக் கொடுத்தார். சுற்றும்போதே சொன்னார்.

"நான் கேட்டா ஒரு பதிலு, அவரு கேட்டா ஒரு பதிலு. கேக்கறது யாருன்னு நோட்டுல ஒரு கட்டம் போட மறந்துட்டேன் டீச்சர்."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. ஒரு கோடு போட மறந்ததற்கு வருத்தப்படுகிற குரல்தான். பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

என் மகன் பொறியியல் மூன்றாம் வருஷம். ஒரு பாடப் புத்தகத்தின் விலை அவனுடைய இரண்டு மாத மெஸ் பணம். போனில் கேட்டபோது, லைப்ரரியில எடுத்துப் படிடா என்று நான்தான் சொன்னேன். லைப்ரரியில் ஒன்றே ஒன்று இருந்தது. சனி ஞாயிறு எடுத்துவந்து போனில் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வகுப்புக் குழுவில் போட்டுவிட்டான். அது எங்கெங்கோ போனது. பதிப்பகத்தார் கல்லூரிக்கு நோட்டீஸ் அனுப்பினார்கள். எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்களோ அத்தனை புத்தகம் விற்காமல் போனது என்று தொகை போட்டிருந்தார்கள். தொகை பெரிதென்றால் அவனை ஒரு வருஷம் நீக்கிவைப்பார்கள் என்று வகுப்பாசிரியர் சொன்னார். அவன் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் தனியாகப் போனேன்.

புத்தகம் எழுதியவருக்கும் வயிறு இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. மகன் செய்தது தப்பு என்று அவனிடமே சொல்லியிருக்கிறேன். ஆனால் விசாரணை அறையில் அவன் எழுந்து நின்று, இறக்கிக்கொண்ட எல்லாருமே வாங்கியிருப்பார்களா சார் என்று மெதுவாகக் கேட்டபோது எனக்கு அந்த நீள நோட்டு நினைவுக்கு வந்தது. விசாரணைத் தலைவர், அதைப் பெற்றோரிடமே கேட்கலாம் என்றார். அவனோடு படிக்கிற மூன்று பிள்ளைகளின் பெற்றோரும் வந்திருந்தார்கள். படிப்புன்னு வந்தா நாங்க கணக்குப் பாக்கறதில்லைங்க என்றார் ஓர் அம்மா. அவர் செருப்பு வாரில் ஊக்கு குத்தியிருந்தது. மற்ற இரண்டு பேரும் அதையே சொன்னார்கள்.

"நீங்க மேடம்? இந்த நகல் இல்லைன்னா புத்தகம் வாங்கிக் கொடுத்திருப்பீங்களா?"

"வாங்கிக் கொடுத்திருப்பேன்" என்றேன்.

மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். எனக்கு அந்தப் பார்வை புதிதில்லை.

அரை மணி நேரத்தில் நாங்கள் சொன்னதை டைப் செய்து கையெழுத்துக்கு நீட்டினார்கள். மற்றவர்கள் படிக்காமல் போட்டார்கள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். மதிப்பெண் பதிவேட்டில் தப்பு வந்தால் சுரண்டக் கூடாது, மேலே எழுதி மறைக்கவும் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பம் இட வேண்டும். இத்தனை வருஷ வேலையில் பழகிப்போன கை. 'வாங்கிக் கொடுத்திருப்பேன்' என்பதை அடித்தேன். 'வாங்கியிருக்க மாட்டேன். விலை என்னால் முடியாதது. லைப்ரரியில் எடுக்கச் சொன்னது நான்' என்று பக்கத்தில் எழுதி, சுருக்கொப்பம் போட்டுக் கொடுத்தேன்.

விசாரணைத் தலைவர் அதைப் படித்துவிட்டு, இது உங்கள் பையனுக்கு நல்லதா கெட்டதா என்று யோசித்தீர்களா மேடம் என்றார். தெரியவில்லை சார் என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

முடிவு இன்னும் வரவில்லை. போன் அடித்தால் கல்லூரி எண்ணா என்றுதான் முதலில் பார்க்கிறேன். அந்த நீள நோட்டு எந்தப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போனதோ. எங்கேயாவது கிடந்தால், அதில் என் பெயருக்கு நேரே மூன்றாவது கட்டத்தில் இருப்பதும் நான் கல்லூரியில் எழுதிக் கொடுத்ததும் ஒரே பதில்தான்.